டி.வி.எஸ். 50 தந்த நிறுவனத்தின் கையில் நார்ட்டன்: 60 வருஷ பழைய ஒத்த சிலிண்டர் ரேஸ் பைக்குக்கு இவ்வளவு மவுசு ஏன்?

ஹெட்லைட் கிடையாது. ஹாரன் கிடையாது. கிக்கர் கூட கிடையாது; தள்ளிக்கிட்டே ஓடித்தான் ஸ்டார்ட் பண்ணணும். இருப்பது ஒரே ஒரு சிலிண்டர். தயாரிப்பு நின்று 60 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் நல்ல நிலையில் உள்ள ஒரு 'நார்ட்டன் மேங்க்ஸ்' பிரிட்டனில் ஏலத்துக்கு வந்தால், இந்திய மதிப்பில் இருபது, முப்பது லட்சம் ரூபாயைச் சாதாரணமாகத் தொட்டுவிடுகிறது. பெரிய வீரர் ஓட்டிய வண்டி என்றால் விலை இன்னும் மேலே போகும்.

அப்படி என்னதான் இருக்கு இந்த வண்டியில? இன்றைக்கு நார்ட்டன் என்ற பெயர் ஒரு தமிழ்நாட்டு நிறுவனத்திடம் இருப்பதால், இந்தக் கேள்வி நமக்கும் நெருக்கமானது.

நெல்லை மலையடிவாரத்துக்கும் நார்ட்டனுக்கும் என்ன தொடர்பு?

மாஞ்சோலை தேயிலைத் தோட்டங்கள் இருக்கும் மேற்குத் தொடர்ச்சி மலை, தெற்கே களக்காடு பக்கம் நீண்டு செல்கிறது. அந்த மலையடிவாரத்தில், அழகிய நம்பிராயர் கோயிலால் புகழ்பெற்ற ஊர் திருக்குறுங்குடி. 1877-ல் இங்கே பிறந்தவர்தான் டி.வி.சுந்தரம் ஐயங்கார். டி.வி.எஸ். என்ற மூன்று எழுத்துக்குச் சொந்தக்காரர். 1911-ல் அவர் தொடங்கிய தொழில், மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு பேருந்து, லாரி, உதிரிபாகம் என்று வளர்ந்தது.

அந்தக் குடும்பத்தில் இருந்து வந்ததுதான் டி.வி.எஸ். மோட்டார். 1980-ல் ஓசூரில் இருந்து டி.வி.எஸ். 50 மொபெட் வெளிவந்தது. பால்கேன், வாழைத்தார், உர மூட்டை என்று எதை ஏற்றினாலும் இழுத்துக்கொண்டு போன அந்த வண்டியைத் தெரியாத கிராமம் தமிழ்நாட்டில் இருக்காது.

அதே நிறுவனம், 2020 ஏப்ரலில் பிரிட்டனின் நார்ட்டன் மோட்டார்சைக்கிள் நிறுவனத்தை 1.6 கோடி பவுண்டுக்கு வாங்கியது. அன்றைய மதிப்பில் சுமார் 153 கோடி ரூபாய். அப்போது டி.வி.எஸ். மோட்டாரின் தலைவராக இருந்தவர், சுந்தரம் ஐயங்காரின் பேரன் வேணு சீனிவாசன்.

திவால் நிலையில் இருந்த ஒரு நிறுவனத்துக்கு ஏன் இவ்வளவு பணம்? அதற்கான பதிலில் பெரும்பகுதி, மேங்க்ஸ் என்ற அந்தப் பழைய ரேஸ் பைக்கில்தான் இருக்கிறது.

மேங்க்ஸ்னா என்ன?

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவில் கடலில் இருக்கும் சின்னத் தீவு, ஐல் ஆஃப் மேன். அந்தத் தீவைச் சேர்ந்தது எதுவாக இருந்தாலும் அதற்கு 'மேங்க்ஸ்' என்று பெயர். 1907 முதல் அங்கே 'டி.டி.' என்ற மோட்டார் சைக்கிள் பந்தயம் நடக்கிறது.

இந்தப் பந்தயத்துக்கு என்று தனி டிராக் கிடையாது. ஊர் மக்கள் அன்றாடம் போய்வரும் சாலையைத்தான் அடைத்துவிட்டு ரேஸ் விடுகிறார்கள். ஒரு சுற்றே 60 கிலோமீட்டர். இருபுறமும் வீட்டுச் சுவர், கல்வேலி, விளக்குக் கம்பம். அப்புறம் மலை ஏற்றம், இறக்கம், இருநூறுக்கும் மேற்பட்ட வளைவுகள்.

மணிமுத்தாறில் இருந்து மாஞ்சோலைக்கு ஏறும் பாதையில் பேருந்தில் போனவர்களுக்கு, மலைச்சாலையின் வளைவு என்றால் என்ன என்று தெரியும். மாஞ்சோலை 1,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது; ஐல் ஆஃப் மேன் பந்தயப் பாதையின் உச்சி சுமார் 420 மீட்டர்தான். உயரம் பாதிகூட இல்லை. ஆனால் அந்த வளைவுகளை மணிக்கு 150, 200 கிலோமீட்டர் வேகத்தில் எடுக்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம். இந்தப் பாதையில் இதுவரை 260-க்கும் மேற்பட்ட வீரர்கள் உயிரிழந்திருக்கிறார்கள்.

இந்தப் பந்தயத்தில் ஜெயிப்பதற்காகவே உருவானதுதான் நார்ட்டன் மேங்க்ஸ். 500 சிசி, 350 சிசி என இரண்டு வகை. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு இந்தப் பெயரில் விற்பனைக்கு வந்து, 1960-களின் தொடக்கம் வரை பர்மிங்ஹாமில் தயாரானது.

ஒத்த சிலிண்டர்தானே... அதில் என்ன பெரிய விஷயம்?

ஒத்த சிலிண்டர் வண்டி தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1955 முதல் சென்னை திருவொற்றியூரோடு பிணைந்த புல்லட், பிரிட்டனின் ராயல் என்ஃபீல்டு வடிவமைத்த ஒத்த சிலிண்டர் வண்டிதான். ஒரே ஒரு பெரிய பிஸ்டன். ஒவ்வொரு முறை எரிபொருள் வெடிக்கும்போதும் தனித்தனியாகக் கேட்கும் அந்த 'டக்... டக்...' சத்தம் நம்ம ஊர் காதுக்குப் பழகியது.

ஆனால் பழைய புல்லட் 350 தந்தது சுமார் 18 குதிரைத்திறன். 500 சிசி மேங்க்ஸின் கடைசிக் கால இன்ஜின் தந்ததோ சுமார் 50. மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் பறந்தது. சிசி வித்தியாசத்தை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது. பிறகு எப்படி?

முக்கிய காரணம், வால்வைத் திறந்து மூடும் முறை. புல்லட்டில் வால்வை இயக்கும் 'கேம்' இன்ஜினின் அடிப்பகுதியில் இருக்கும். அங்கிருந்து நீண்ட கம்பிகள் மேலே போய் வால்வைத் தள்ளும். இன்ஜின் ரொம்ப வேகமாகச் சுற்றினால், இந்தக் கம்பிகளும் வால்வும் ஈடுகொடுக்க முடியாமல் தடுமாறும். மேங்க்ஸில் அந்தச் சிக்கலே இல்லை. கேம் ஷாஃப்ட் இரண்டையும் இன்ஜினின் தலையிலேயே வைத்துவிட்டார்கள். கீழிருந்து ஒரு செங்குத்தான தண்டு, பல்சக்கரங்கள் மூலம் அவற்றைச் சுற்றும். அதனால்தான் அந்தப் பெரிய பிஸ்டன் நிமிடத்துக்கு 7,000 சுற்று வரை தாங்கியது.

ஒத்த சிலிண்டரில் இன்னொரு லாபமும் உண்டு. வண்டி ஒல்லியாக இருக்கும், எடை குறைவாக இருக்கும். மேங்க்ஸின் எடை சுமார் 140 கிலோதான். பழுது வந்தால் பார்க்க வேண்டியதும் ஒரே சிலிண்டர்தான். வேனுக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒரு ராத்திரியில் இன்ஜினைப் பிரித்து மாட்டிவிடலாம்.

இந்த எளிமையின் ஈர்ப்புக்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. கோவை விஞ்ஞானி ஜி.டி.நாயுடு, இளம் வயதில் ஒரு பிரிட்டிஷ் அதிகாரி ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கினார். ஹோட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து அந்த வண்டியையே வாங்கினார். அதைப் பிரித்துப் போட்டு, திரும்ப மாட்டித்தான் இயந்திரவியலைக் கற்றுக்கொண்டார். கண்ணால் பார்த்து, கையால் தொட்டுப் புரிந்துகொள்ள முடிகிற இயந்திரம் என்பதுதான் அந்தக் கால வண்டிகளின் முதல் கவர்ச்சி.

'இறகு மெத்தை' ரகசியம்

1950 வாக்கில் மேங்க்ஸுக்கு நெருக்கடி வந்தது. இத்தாலியின் ஜிலேரா நிறுவனம் நான்கு சிலிண்டர் ரேஸ் பைக்கை இறக்கியது. நேர் ரோட்டில் அதன் வேகத்துக்கு முன்னால் ஒத்த சிலிண்டர் நிற்க முடியாது. நார்ட்டனின் பழைய சட்டகமோ வளைவில் ஆடியது. 'தோட்டத்துக் கேட்' என்றே அதற்குக் கேலிப் பெயர் இருந்தது.

அப்போதுதான் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டைச் சேர்ந்த ரெக்ஸ் மெக்கேண்ட்லெஸ் ஒரு புதிய சட்டகத்தோடு வந்தார். இன்ஜினை இருபுறமும் அணைத்துக்கொள்வது போல இரட்டைக் குழாய் வளையம். பின்சக்கரத்துக்கு ஸ்விங் ஆர்ம். அதை ஓட்டிப் பார்த்த வீரர் ஹரால்ட் டேனியல், இறகு மெத்தையில் உட்கார்ந்து போவது போல இருக்கிறது என்று சொன்னார். 'ஃபெதர்பெட்' என்ற பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

பலன் உடனே தெரிந்தது. 1950 சீனியர் டி.டி. பந்தயத்தில் முதல் மூன்று இடமும் நார்ட்டனுக்கு. முதலிடம் பிடித்தவர் ஜெஃப் டியூக். அடுத்த ஆண்டே அவர் 350, 500 சிசி என இரண்டு பிரிவிலும் உலக சாம்பியன் ஆனார். வேகத்தில் பின்தங்கிய வண்டி, வளைவில் நம்பிக்கை கொடுத்து ஜெயித்தது.

சேகரிப்பாளர்கள் மேங்க்ஸைப் பற்றிப் பேசும்போது முதலில் சொல்வதும் இதைத்தான். குதிரைத்திறன் குறைவு, ஆனால் ஓட்டுபவர் நினைத்த கோட்டில் போகும்.

காசு கொடுத்தால் யாரும் வாங்கலாம்

மேங்க்ஸின் மவுசுக்கு இன்னொரு பெரிய காரணம் இருக்கிறது. ஜிலேரா, எம்.வி. அகுஸ்டா போன்ற நிறுவனங்களின் ரேஸ் பைக்குகள் அந்தந்தக் கம்பெனி வீரர்களுக்கு மட்டும்தான். வெளியாள் வாங்க முடியாது. மேங்க்ஸ் அப்படி இல்லை. பணம் கட்டினால் யாருக்கும் விற்றார்கள்.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்று எங்கிருந்தோ வந்த இளைஞர்கள், இருந்த சேமிப்பை எல்லாம் போட்டு ஒரு மேங்க்ஸை வாங்கினார்கள். வேனில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பந்தயத்தில் கலந்துகொண்டார்கள். கலந்துகொள்வதற்குக் கிடைக்கும் பணம்தான் அடுத்த ஊருக்கான பெட்ரோல் காசு. மெக்கானிக்கும் அவர்களே, டிரைவரும் அவர்களே. பலர் அதிலேயே உயிரையும் விட்டார்கள்.

1961 சீனியர் டி.டி. பந்தயம் இதற்கு நல்ல சாட்சி. எம்.வி. அகுஸ்டாவில் முன்னால் போன கேரி ஹாக்கிங், வண்டிக் கோளாறால் விலக நேர்ந்தது. 21 வயது மைக் ஹெய்ல்வுட், மேங்க்ஸில் முதலாவதாக வந்தார். ஆறு சுற்று, 360 கிலோமீட்டருக்கு மேல். சராசரி வேகம் மணிக்கு 100 மைல், அதாவது 160 கிலோமீட்டரைத் தாண்டியது.

தயாரிப்பு நின்ற பிறகும் மேங்க்ஸ் அடங்கவில்லை. 1969-ல் அன்றைய யூகோஸ்லாவியாவில் நடந்த 500 சிசி கிராண்ட் பிரீ பந்தயத்தில் காட்ஃப்ரே நேஷ் நார்ட்டனில் ஜெயித்தார். எம்.வி. அகுஸ்டா அந்தப் பந்தயத்துக்கு வரவில்லை என்பது உண்மைதான். ஆனாலும், கடையில் விற்ற பழைய ஒத்த சிலிண்டர் வண்டி உலகப் பந்தயத்தில் வென்றது அதுவே கடைசி.

சேகரிப்பவர்கள் எதைப் பார்த்து விலை வைக்கிறார்கள்?

பழசு என்பதற்காக மட்டும் யாரும் லட்சக்கணக்கில் கொடுப்பதில்லை. அவர்கள் பார்ப்பது முக்கியமாக நான்கு விஷயங்களை.

1. எண்கள்: இன்ஜின் எண்ணும் சட்டக எண்ணும் தொழிற்சாலைப் பதிவேட்டில் உள்ளபடி ஒன்றாக வந்தவையா?

2. வரலாறு: யார் ஓட்டினார், எந்தப் பந்தயத்தில் ஓடியது? இதற்குப் பழைய புகைப்படம், ரசீது, கடிதம் இருக்கிறதா?

3. அசல் பாகம்: டேங்க், கார்புரேட்டர், மேக்னெட்டோ எல்லாம் அந்தக் காலத்தவையா, பிறகு மாற்றியவையா?

4. ஓட்டம்: ஷோகேஸில் வைக்க மட்டுமா, இல்லை டிராக்கில் இறக்கி ஓட்டவும் முடியுமா?

இதில் முதல் விஷயம்தான் மேங்க்ஸில் ரொம்பச் சிக்கல். 1950-களில் பிரிட்டனில் 500 சிசி இன்ஜின் பொருத்திய குட்டி ரேஸ் கார்கள் பிரபலம். அதற்கு மேங்க்ஸ் இன்ஜின் தேவைப்பட்டது. தனியாக இன்ஜின் கிடைக்காததால், முழு பைக்கையும் வாங்கி இன்ஜினை மட்டும் உருவிக்கொண்டார்கள். மிஞ்சிய ஃபெதர்பெட் சட்டகத்தில் இளைஞர்கள் டிரையம்ஃப் இன்ஜினைப் பொருத்தினார்கள். டிரையம்ஃபும் நார்ட்டனும் சேர்ந்ததால் அந்த வண்டிக்கு 'டிரைட்டன்' என்று பெயர். அதற்கும் இன்று தனி ரசிகர் கூட்டம் உண்டு. ஆனால் இதனால் இன்ஜினும் சட்டகமும் பிரியாமல் தப்பித்த மேங்க்ஸ் அரிதாகிப்போனது.

புதுசாகச் செய்த பழைய பைக்: அசலா, நகலா?

சிக்கல் இத்தோடு முடியவில்லை. பிரிட்டனின் மோல்நார் பிரிசிஷன் போன்ற நிறுவனங்கள், மேங்க்ஸ் பைக்கை முழுசாகப் புதிதாகவே செய்து தருகின்றன. பழைய வடிவம்தான், ஆனால் உலோகமும் வேலைப்பாடும் இந்தக் காலத்தவை. சில விஷயங்களில் அசலைவிட உறுதியானவை.

பழைய வண்டியை வைத்திருப்பவர்களுக்கு இது வரம். உடைந்த பாகத்துக்குப் புதுசு கிடைக்கிறது. வண்டி ஓடிக்கொண்டே இருக்கிறது. அதே நேரம், பாகத்தை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால், கடைசியில் மிஞ்சுவது அசல் வண்டிதானா?

நம்ம ஊர் கோயில் தேரை நினைத்தால் இது எளிதில் புரியும். அச்சு மாறும், சக்கரம் மாறும், மரச் சட்டமும் மாறும். ஆனாலும் அது அதே தேர்தான். ஏனென்றால் ஊரே அதை இழுக்கிறது, திருவிழா நிற்கவில்லை. ஓட்டுவதற்காக மேங்க்ஸ் வாங்குபவர்கள் இப்படித்தான் பார்க்கிறார்கள். முதலீடாக வாங்குபவர்களின் கணக்கு வேறு. ஹெய்ல்வுட் காலத்து அலுமினியத் துண்டு அதில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதுதான் அவர்களுக்கு விலை.

இரண்டு தரப்புக்கும் பொதுவான ஒன்று உண்டு: வாசனை. அந்தக் கால ரேஸ் இன்ஜின்களுக்கு ஊற்றிய ஆயில், ஆமணக்கு எண்ணெயில் இருந்து செய்தது. இன்ஜின் சூடாகி அந்த வாசம் கிளம்பினால், பழைய ரசிகர்கள் கண்ணை மூடிக்கொண்டே இது ரேஸ் மைதானம் என்று சொல்லிவிடுவார்கள்.

டி.வி.எஸ். வாங்கியது எதை?

இப்போது மறுபடியும் அந்த 153 கோடி ரூபாய்க்கு வரலாம். 1898-ல் ஜேம்ஸ் லான்ஸ்டௌன் நார்ட்டன் தொடங்கிய நிறுவனம், 1950-களில் இருந்தே கை மாறிக்கொண்டே வந்தது. பலமுறை நொடித்தது, பலமுறை எழுந்தது. 2020 ஜனவரியில் மறுபடியும் திவால் நடவடிக்கைக்குப் போனது. தான் பொறுப்பு வகித்த ஓய்வூதியத் திட்டங்களின் பணத்தை விதியை மீறி நார்ட்டனிலேயே முதலீடு செய்ததை, முந்தைய உரிமையாளர் 2022-ல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். பெரிய பெயரை நம்பிப் பணம் போட்ட சாதாரண மக்கள் தங்கள் சேமிப்புக்காகத் தவித்தார்கள். பெயர் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடக் கசப்பான உதாரணம் தேவையில்லை.

டி.வி.எஸ். கைக்கு வந்த பிறகு சோலிஹல் நகரில் புதிய தொழிற்சாலை வந்தது. 2022-ல் 10 கோடி பவுண்டு முதலீடு அறிவிக்கப்பட்டது. 2025 நவம்பரில் இத்தாலியின் மிலன் நகரில் நடந்த மோட்டார் சைக்கிள் கண்காட்சியில் 'மேங்க்ஸ் ஆர்' என்ற புதிய பைக் அறிமுகமானது. நான்கு சிலிண்டர், 1,200 சிசி, 200-க்கும் மேற்பட்ட குதிரைத்திறன். பழைய மேங்க்ஸோடு இதற்கு ஒட்டியிருப்பது பெயர் ஒன்றுதான்.

பழைய மேங்க்ஸ்கள் எல்லாம் தனியார் கொட்டகைகளிலும் அருங்காட்சியகங்களிலும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றின் விலை ஏறினால் டி.வி.எஸ்.சுக்கு நேரடி வருமானம் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறை ஒரு பழைய மேங்க்ஸ் டிராக்கில் ஓடும்போதும், ஏலத்தில் விலை போகும்போதும், நார்ட்டன் என்ற பெயருக்கு இலவச விளம்பரம் கிடைக்கிறது. அந்த மதிப்பைப் புதிய வண்டிகள் காப்பாற்றுமா என்பதை, இனி வாங்கி ஓட்டுபவர்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்க வீட்டுலயும் தாத்தா காலத்து பைக் இருக்கா?

மேங்க்ஸ் ரேஸ் வண்டி என்பதால் அப்படியே சாலையில் ஓட்ட முடியாது. ஆனால் பழைய புல்லட், பி.எஸ்.ஏ., நார்ட்டன், ஜாவா போன்ற சாலை வண்டிகள் நம்ம ஊர் வீடுகளில் இன்னும் இருக்கின்றன. 50 ஆண்டு தாண்டிய இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு 2021-ல் மத்திய அரசு தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது.

முக்கிய விதிகள் இவைதான்: வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும், பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்ற எழுத்து வரும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுக்குச் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புவது போன்றவற்றுக்கு மட்டும் சாலையில் எடுக்கலாம். தினசரி ஓட்டத்துக்கும் வாடகைக்கும் அனுமதி இல்லை.

அதனால் கொட்டகையில் கிடக்கும் வண்டியைப் பழைய இரும்புக் கடைக்குப் போடும் முன்பு ஒருமுறை யோசிக்கலாம். இன்ஜின் எண், சேசிஸ் எண் இரண்டையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த எண்கள் உள்ள இடத்தைத் தேய்க்கவோ, மேலே பெயிண்ட் அடிக்கவோ வேண்டாம். கழற்றிய பழைய பாகத்தைத் தூக்கி எறியாதீர்கள். தாத்தா அந்த வண்டியில் உட்கார்ந்து எடுத்த போட்டோ, மெக்கானிக் கொடுத்த பழைய ரசீது இருந்தால் பத்திரமாக எடுத்து வையுங்கள். மேங்க்ஸோ, மொபெட்டோ, ஒரு பழைய வண்டியின் கதைக்குச் சாட்சி சொல்வது இந்தக் காகிதங்கள்தான்.